ஒரே அறை கேட்ட விஜயராணி

விஜயராணிக்கும் அவள் கணவர் காளியண்ணனுக்கும் ஆகாது என்று கோல சிலாங்கூரில் அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்த்த எல்லோரும் முடிவு கட்டிவிட்டிருந்தார்கள். அப்படி நினைத்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சாப்பாட்டு நேரத்தில் காளியண்ணன் ஆண்கள் மேசையில் சக்கர நாற்காலியில் இருப்பார். விஜயராணி வாக்கரைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வருவாள், அவர் பக்கம் ஒரே ஒரு பார்வை பார்ப்பாள், நேரே பெண்கள் மேசைக்குப் போய்விடுவாள். போனவள் உடனே சாப்பிடவும் மாட்டாள். அவர் முடித்து, பணியாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் தட்டில் கை வைப்பாள். புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த அம்மாவுக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது என்று சமையற்கட்டில் பேசிக்கொண்டார்கள்.

தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர் யாராவது ஒருவர் அந்தச் சமையற்கட்டில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். புருஷன் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுவது விஜயராணிக்கு மரியாதை. ஆட்கள் முன்னால் அவரிடம் பேசாமல் இருப்பதும் மரியாதைதான். கோயிலில் அவர் ஆண்கள் பக்கம், அவள் பெண்கள் பக்கம். கல்யாண வீட்டிலும் அப்படியே. அவர் பெயரை அவள் வாய் திறந்து சொன்னதே கிடையாது. தோட்டத்து மருத்துவமனையில் யாராவது புருஷன் பெயர் கேட்டால், பக்கத்தில் நிற்கிறவளை இடித்து, "நீ சொல்லேன்" என்பாள்.

இத்தனைக்கும் ஒருவரை விட்டு ஒருவர் விலகியே இருக்காத புருஷன் பெண்சாதி அவர்கள். சபாக்கிற்குப் போகும் பாதையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருவருக்கும் வேலை. நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் அவர் குலையை வெட்டித் தள்ளுவார். அவள் பின்னாலேயே குனிந்து, சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவாள். அவர் முன்னால், அவள் பின்னால், காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரே நிரை. பேச்சு அங்கே தேவைப்பட்டதில்லை. அவர் ஒருமுறை இருமினால் தண்ணீர் கேட்கிறார் என்று அர்த்தம். கம்பை மரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் விலகி நில், குலை விழப்போகிறது என்று அர்த்தம். இப்படியே கல்யாணமான புதிதிலிருந்து தலை நரைக்கும் வரை.

பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தது. சர்க்கரை ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அவரைத் தூக்கி உட்கார வைக்கப்போய் விஜயராணி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஒரே மகள் நித்தியா ரவாங்கில் தொழிற்சாலை வேலை, இரண்டு ஷிப்ட், லிப்ட் இல்லாத அடுக்குமாடியில் மேல் மாடி. பாவம், அந்தப் பெண் எத்தனை நாள் அழுதாள் என்று விஜயராணிக்குத்தான் தெரியும். கடைசியில் இந்த இல்லத்தைத் தேடிக் கண்டுபிடித்ததும் நித்தியாதான். மகள் கைகழுவி விட்டாள் என்று விஜயராணி ஒரு நாளும் நினைத்ததில்லை. தூக்க முடியாததைத் தூக்கத் தெம்புள்ள இடத்தில் கொண்டுவந்து வைத்தாள், அவ்வளவுதான்.

சேர்த்த அன்று ஒரு சின்னத் தப்பு நடந்தது. இல்லத்தை நடத்துகிற லோகேஸ்வரி பெரிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர், எல்லோருக்கும் மிஸ்ஸி. அவர் நித்தியாவைப் பார்த்து, "அம்மா அப்பாவுக்கு ஒரே ரூமா, தனித்தனியா?" என்று கேட்டார். நித்தியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் வயசுக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் அம்மா அவளோடு அறையில் படுப்பாள், அப்பா முன் வாசலறையில் பாய் விரிப்பார். வளர்ந்த பிள்ளை இருக்கிற வீட்டில் அதுதானே வழக்கம். "செப்பரேட் போதும் மிஸ்ஸி, வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள். மிஸ்ஸியும் காளியண்ணனை ஆண்கள் பக்கமும் விஜயராணியைப் பெண்கள் பக்கமும் போட்டுவிட்டார். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களும் வாயில் கொழுக்கட்டையை வைத்திருந்த மாதிரி பேசாமல் இருந்தார்கள்.

மற்றபடி அந்த இல்லத்தின் மேல் விஜயராணிக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்துக்கு மருந்து. வெந்நீரில் குளியல். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் பூ. பாசிர் பெனம்பாங்கிலிருந்து காலையில் வந்த மீன் மத்தியானம் குழம்பில் இருக்கும். வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்கு ஆக்கிப் போட்டவளுக்கு யாரோ தட்டில் சோறு வைத்துக் கொடுக்கும்போது கண் கலங்கும். பணியாள் பெண்ணிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நன்றி சொல்வாள் என்று கணக்கே கிடையாது. அந்தப் பெண் இவளைக் கண்டாலே சிரித்துக்கொண்டு ஓடுவாள்.

பக்கத்துக் கட்டில் ரமணியக்கா இதற்கு நேர்மாறு. அந்தக் காலத்தில் டெலிபோன் ஆபீசில் இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்தவர். வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் எல்லோர் பேச்சும் அவர் காதில் விழாமல் போகாது. குளியலறைக்குத் திரை இல்லையென்று சண்டை போட்டார், திரை வந்தது. கதவைத் தட்டாமல் உள்ளே வரக்கூடாது என்றார், இப்போது டாக்டர்கூடத் தட்டிவிட்டுத்தான் வருகிறார். இங்கே வசிப்பவர்களின் உரிமைகள் என்று சாப்பாட்டு அறைச் சுவரில் மலாயில் தொங்கிய அட்டையைத் தமிழிலும் எழுதி மாட்ட வைத்தவரும் அவரே. விஜயராணி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், அந்த எழுத்து அவளுக்குத் தெரியும். ஆனால் தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒட்டுகிற அறிவிப்பைப் பார்க்கிற கண்ணாலேயே அதையும் பார்த்துவிட்டுப் போவாள். அது யாரோ பெரிய ஆட்களுக்கு எழுதியது. ரமணியக்காவைப் பற்றி அவள் மனதில் இருந்த எண்ணமும் ஒன்றுதான். சோறு போடுகிற இடத்தில் இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு வாய்?

அப்படியே காலம் போயிருக்கும். காளியண்ணன் சாப்பிடாமல் போனதில்தான் விவகாரம் வந்தது.

தீபாவளி கழிந்ததிலிருந்து அவர் தட்டு பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. ஆள் இளைத்தார். கேட்டால் பசியில்லை என்பார். ஊட்டிவிட வந்தால் வாயை மூடிக்கொள்வார். கண் பார்வை எப்படி இருக்கிறது என்றால் "தெரியுது, தெரியுது" என்பார். பெண்கள் மேசையிலிருந்து விஜயராணி பார்த்துக்கொண்டே இருந்தாள். மீனில் முள் இருந்தால் அவர் தொடமாட்டார். வீட்டில் அவள்தான் முள் எடுத்து வைப்பாள். இதைப் போய் யாரிடம் சொல்வது? தானே எழுந்து போய் ஆண்கள் மேசையில் உட்கார்ந்து முள் எடுக்க முடியுமா? அத்தனை பேர் பார்ப்பார்களே.

ஒரு நாள் ரமணியக்கா செய்தி கொண்டுவந்தார். "விஜயா, ஒன் வீட்டுக்காரரக் கெர்லிங்குக்கு மாத்தப் போறாங்க. அங்க இவங்க இன்னொரு ஹோம் வச்சிருக்காங்கல்ல, அங்க ஒருத்தருக்கு ஒரு ஆளு நின்னு பாப்பாங்களாம். ஒம் மககிட்ட பேசிட்டாங்க. மகளும் சரின்னுருச்சு."

கெர்லிங் எங்கே, கோல சிலாங்கூர் எங்கே. கடலோரத்துக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் வாக்கர் பிடித்து நடக்கிறவள் எந்தக் காலத்தில் போய்ப் பார்ப்பது? இந்த வயதில் பிரித்தால், அப்புறம் ஒருவர் சாவுக்குத்தான் இன்னொருவர் போவார்.

"நல்லதுக்குத்தான செய்றாங்க" என்றாள் விஜயராணி.

"நல்லதுக்குத்தான். ஆனா அவரக் கேட்டாங்களா? ஒன்னக் கேட்டாங்களா?" என்றார் ரமணியக்கா. "அந்த அட்டைய ஒழுங்காப் படிச்சியா நீ? கேக்காம ஆள எடம் மாத்தக்கூடாது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் விருப்பப்பட்டா ஒண்ணா இருக்கலாம். எழுதித்தான் மாட்டியிருக்கு. பின்னாடி ஸ்டோர் மாதிரிக் கெடக்குதே, ரெண்டு கட்டில் ரூமு, அது எதுக்குன்னு நெனச்ச?"

"கேட்டா நன்றி கெட்டவன்னு நெனப்பாங்க அக்கா."

"நன்றி சொல்ல வாய் இருக்குல்ல? அதே வாயாலதான் கேக்கணும். அதுக்கு வேற வாயா வாங்கிட்டு வருவாங்க?" ரமணியக்கா குரலைத் தணித்தார். "கேட்டுக்க. மொத மிஸ்ஸிக்கிட்ட நேராப் போயிச் சொல்லு. தொணைக்கு என்னக் கூட்டிட்டுப் போ, நாளைக்கு நீ சொல்லவே இல்லன்னு ஆகக்கூடாது. அங்க ஆகலன்னா மாசக் கூட்டத்துல எல்லாரு முன்னாடியும் சொல்லு. அதுலயும் ஆகலன்னா, சமூக நல இலாகா ஆபீசர் வருவாருல்ல, அவர்கிட்டச் சொல்லு. கேட்டதுக்காக ஒனக்கு யாரும் சோத்த நிறுத்த முடியாது. நிறுத்துனா நான் ஒருத்தி இருக்கேன்."

கடைசி வாக்கியம்தான் விஜயராணிக்குத் தெம்பு கொடுத்தது. ஆனாலும் புருஷனோடு ஒரே அறை வேண்டும் என்று கேட்கப்போகும்போது பக்கத்தில் இன்னொருத்தி நிற்பதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால் ரமணியக்கா தூங்கின நேரம் பார்த்துத் தனியாகவே மிஸ்ஸி அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாள். மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"என்ன ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்ல மிஸ்ஸி. எங்களுக்கு எவ்வளவோ செய்றீங்க. நன்றி சொல்லலாம்னு வந்தேன்."

மிஸ்ஸிக்கு ஒரே சந்தோஷம். உட்கார வைத்து, தன் கையாலேயே மைலோ கலக்கிக் கொடுத்தார்.

"கேட்டியா?" என்றார் விழித்துக்கொண்ட ரமணியக்கா.

"மைலோ குடுத்தாங்க."

ரமணியக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

மாதக் கூட்டம் சனிக்கிழமை காலை நடக்கும். சாப்பாட்டு அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள், உறவுக்காரர்களும் வருவார்கள். அன்று நித்தியாவும் லீவு போட்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காற்றாடி ஒன்று ஓடவில்லை என்று பேசினார்கள், பொங்கலுக்கு என்ன செய்யலாம் என்று பேசினார்கள். அதற்குப் பிறகு மிஸ்ஸி சொன்னார்: "காளியண்ணன் அங்கிள் அடுத்த வாரம் கெர்லிங் போறாரு. அங்க அவர இன்னும் நல்லாப் பாத்துக்குவாங்க. வேற ஏதாச்சும் இருக்கா?"

விஜயராணி வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். கால் நடுங்கியது. இத்தனை பேர் பார்க்க நின்று பேசுவது அவள் பிறவியில் அதுதான் முதல் தடவை.

"எல்லாருக்கும் வணக்கம். மிஸ்ஸி எங்கள நல்லாப் பாத்துக்கிறாங்க. மருந்து நேரத்துக்கு வருது. மெத்தை விரிப்பு சுத்தமா இருக்கு. மீன் நல்ல மீனு. பூ வாங்கிக் குடுக்கிறாங்க. அந்தப் பொண்ணு எனக்கு நகம் வெட்டிவிட்டுச்சு..."

மிஸ்ஸி புன்சிரிப்போடு தலையாட்டினார். யாரோ கைதட்டவும் ஆரம்பித்தார்கள். ரமணியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "விஜயா, கல்யாண வீட்டுல மொய் வாசிக்கிற மாதிரி வாசிச்சுக்கிட்டே போவாத" என்றார்.

விஜயராணி மூச்சை இழுத்துவிட்டாள். "இவ்வளவும் செஞ்சதுக்கு நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் மிஸ்ஸி. ஆனா அவரக் கெர்லிங்குக்கு அனுப்பாதீங்க. எங்க ரெண்டு பேத்தையும் ஒரே ரூம்ல விடுங்க."

கைதட்டல் பாதியில் நின்றது. பெண்கள் பக்கம் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நித்தியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, என்னம்மா இது, எல்லாரும் இருக்காங்க..."

"இருக்கட்டும்லா. அன்னைக்கு ஒன்னக் கேட்டாங்க, நீ ஒனக்குத் தெரிஞ்சதச் சொன்ன. ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல சாமி. ஆனா என்ன யாரும் கேக்கல. அதான் நானே சொல்றேன்."

மிஸ்ஸி நிஜமாகவே திகைத்துப் போயிருந்தார். "ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசிக்கிறதே இல்லியே! ஒங்களுக்குள்ள ஏதோ கோவம், தனியா இருந்தாத்தான் நிம்மதின்னு நான் நெனச்சேன்."

"கோவமா? அவருமேலயா?" விஜயராணிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆளுங்க முன்னாடி புருஷன்கிட்ட என்னத்த மிஸ்ஸி பேசறது?"

அறையே சிரித்தது. தோட்டத்திலிருந்து வந்த பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர்களுக்குத்தான் அது விளங்கியது.

மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் காளியண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். இல்லத்தை நடத்துகிறவர், அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் தரையில் அப்படி உட்கார வேண்டிய அவசியமே இல்லை. அதற்காகவே விஜயராணிக்கு அவர் மேல் இருந்த மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது.

"அங்கிள், ஒங்க மகளக் கேட்டேன், டாக்டரக் கேட்டேன். ஒங்களக் கேக்கல. தப்புதான். இப்பக் கேக்குறேன். ஒங்களுக்கு என்ன வேணும்?"

காளியண்ணன் தன் முன்னால் இருந்த காற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆயுசு பூரா எம் பின்னாடியே குனிஞ்சுகிட்டு வந்தவ அவ. இங்க வந்துதான் செத்த நிமிந்து உக்காந்திருக்கா. எங்கூடப் போட்டீங்கன்னா மறுபடியும் எனக்கு ஓட ஆரம்பிச்சிருவா. இடுப்பு ஒடஞ்ச மனுசி. அதான் கெர்லிங்குன்னு காதுல விழுந்ததும் சும்மா இருந்துட்டேன்."

"அது அவங்களுக்கு எது நல்லதுன்னு நீங்க நெனக்கிறது. ஒங்களுக்கு என்ன வேணும் அங்கிள்?"

"அவ வேணும்" என்றார் காளியண்ணன்.

விஜயராணி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். நித்தியா எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரமணியக்கா ஓடாத காற்றாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது. யாராவது கேட்டிருந்தால் தூசி என்று சொல்லியிருப்பார்.

மிஸ்ஸி அங்கேயே ஒரு நிபந்தனை போட்டார். அங்கிளைத் தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் பணியாட்கள் வேலை, ஆன்ட்டி ஓடக்கூடாது. விஜயராணி சரி என்றாள். இனிமேல் புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் முதலில் வருகிறவரையே கேட்பது, பிறகுதான் பிள்ளைகளை என்றும் அன்றே முடிவானது. அது ரமணியக்காவின் யோசனை என்று சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் இருந்த அறையிலிருந்து அட்டைப் பெட்டிகளை அகற்றி, கழுவி, இரண்டு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். விஜயராணி வாசற்படியில் நின்று கதவு நிலையைத் தொட்டுக் கும்பிட்டாள். மிஸ்ஸியிடம் ஒரு தடவை, பெட்டி தூக்கிய பணியாட்களிடம் ஒரு தடவை, ரமணியக்காவிடம் பல தடவை நன்றி சொன்னாள். "போதும் போதும், கேட்டது நீ" என்று ரமணியக்கா விரட்டினார். அப்படி ஒரு எண்ணம் விஜயராணிக்கு அதுவரை வந்ததே இல்லை. கேட்டது தான்தான். நடுங்கிக்கொண்டே நின்ற அந்தக் காலுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

பணியாள் காளியண்ணனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். யாரும் இல்லை. இனி பேசலாம். ஆனால் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"ரூமு நல்லாருக்கா?" என்றார் அவர்.

"நல்லாருக்குங்க."

"சன்னல் எந்தப் பக்கம்?"

விஜயராணி திரும்பிப் பார்த்தாள். சன்னல் அவருக்கு நேர் எதிரேதான் இருந்தது. வெயில் அதன் வழியாக வந்து அவர் மடியிலேயே விழுந்து கிடந்தது. அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்துங்க?"

"கொஞ்சங் கொஞ்சமா மங்கிக்கிட்டே வந்துச்சு. தீபாவளிக்கு அப்புறம் சுத்தமா இல்ல."

"அதான் சாப்பிடலியா?"

"தட்டுல எது எங்க இருக்குன்னு தெரியல. தொழாவுனா கொட்டுது. எல்லாரும் பாப்பாங்கல்ல."

"மிஸ்ஸிக்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா ஒனக்குத் தெரிஞ்சிரும். வாக்கரத் தள்ளிக்கிட்டு ஓடியாருவ."

வந்திருப்பாள்தான். வெட்கமாவது ஒன்றாவது. இந்த மனுஷன் இந்த இருட்டோடு கெர்லிங்கில் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பாரே என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் சத்தம் வராமல் அழுதாள். மிஸ்ஸியிடம் இதைச் சொல்ல வேண்டும், கண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்ல வேண்டும். கேட்க இப்போது அவளுக்குத் தெரியும். அவர் சம்மதம் வாங்கிக்கொண்டு இன்றைக்கே கேட்டுவிடலாம்.

அதற்கு முன்னால் அவள் அவருடைய நாற்காலியை நெருங்கி, அவர் கையைப் பிடித்தாள். பகல் வெளிச்சத்தில் அவள் அப்படிப் பிடித்து எத்தனையோ காலமாகிவிட்டது. அரிவாள் கம்பு பிடித்துக் காய்த்துப் போன கை அப்படியேதான் இருந்தது.

"இது சன்னல்" என்று விளிம்பில் வைத்தாள். "இது மேசை. தண்ணி இங்க இருக்கு, பாத்து. இது ஒங்க கட்டில், தலைமாடு இந்தப் பக்கம்." ஒவ்வொன்றையும் அவர் விரல்கள் தடவித் தெரிந்துகொண்டன. கடைசியாக அந்தக் கையை நடுவில் இருந்த சின்ன இடைவெளியைத் தாண்டிக் கொண்டுபோய், இன்னொரு மெத்தையின் மேல் வைத்தாள்.

"இது என் கட்டில்."

காளியண்ணன் அந்த மெத்தையை அழுத்திப் பார்த்தார். கையை எடுத்துத் தன் கட்டிலில் வைத்தார், திரும்பவும் அவள் கட்டிலில் வைத்தார்.

"கிட்டத்தான் இருக்கு" என்றார்.